ஒன்று புள்ளி எட்டு

வண்ணார்பேட்டையில் எங்கள் ஸ்டுடியோவுக்கு
ஆறு ஒரே ஒரு தடவைதான் வந்தது.
மார்கழி இரண்டாம் தேதி.
ரிசப்ஷன் சோபா, லைட் குடை, பூ வளைவு
எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு
கீழ்த்தட்டில் அடுக்கிவைத்திருந்த
பதினோரு ஹார்ட் டிஸ்க்கில் ஒன்பதைக்
குடித்துவிட்டுப் போனது.

லேப்டாப் என் வீட்டு மாடியில் இருந்தது.
அதனால் அதற்கு இன்னும் தெரியாது.

ஃபைல் மேனேஜரைத் திறந்தால்
ஒன்பது டிஸ்க்கும் சாம்பல் நிறத்தில் வரிசையாக நிற்கும்.
உள்ளே போகலாம்.
ஃபோல்டர் பெயர் வரும், பக்கத்தில் அளவு வரும்.
படம் மட்டும் வராது.

முன்பெல்லாம் ஒவ்வொரு ஃபோல்டரையும் எண்ணி முடிக்க
அது எடுக்கிற நேரத்தில்
ஜங்ஷன் வரை போய் டீ குடித்து வரலாம்.
இந்த எழவோடு மல்லுக்கட்ட முடியாமல்
'அளவை நினைவில் வை' என்ற கட்டத்தில்
டிக் போட்டது நான்தான்.
மறந்தும் போனேன்.
அது மறக்கவில்லை.

முக்கூடல் சடங்கு வீடு, பதினெட்டு புள்ளி நாலு.
மேலப்பாளையம் நிக்காஹ், ஆண்கள் பக்கம் ஆறு,
பெண்கள் பக்கம், நான் எடுத்தது, முப்பத்தொன்று.
டோனாவூர் கல்யாணத்தில் பாடகர் குழு மட்டும் ஒன்பது.
பேட்டை, பெயர் போடாதது, அரை.
அவர்கள் இன்னும் பாக்கி தரவில்லை.

"எஃப் அஞ்சைத் தொட்டுராதீங்கக்கா" என்றான்
டிஸ்க் பார்க்க வந்த பையன்.
"புதுப்பிச்சா அதுக்குத் தெரிஞ்சிரும்."
அந்தப் பட்டன் மேல்
செலோடேப் ஒட்டிவைத்தேன்.

பங்குனியில் பிரமநாயகி வந்தாள்.
பாளையங்கோட்டை கோர்ட்டிலிருந்து நேரே,
கையில் ஃபைலும் தண்ணீர் பாட்டிலும்.
"போட்ட நகையைப் போடவே இல்லங்காவ.
நாப்பது பவுன்.
வக்கீல் படம் கேக்காரு."

டிஸ்க் ஐந்து. சாம்பல்.
பிரமநாயகி கல்யாணம், ஐம்பத்திரண்டு புள்ளி ஏழு.
முகூர்த்தம் பத்தொன்பது. மறுவீடு நாலு.
ரீல்ஸ் மூன்று, மாப்பிள்ளை கேட்டு எடுத்தது.
நகை, ஒன்று புள்ளி எட்டு.

"நகைக்குத் தனியாவா?"
ஆமா, நீங்க சொல்லித்தான்.
விடியுமுன் மணமகள் அறையில்
சிவப்பு வெல்வெட்டில் ஒவ்வொன்றாக வைத்து எடுத்தேன்.
உங்க சித்தப்பா டார்ச் அடித்தார்.

திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"ஒண்ணு புள்ளி எட்டுன்னா எத்தனை பவுன்?"

வேடிக்கைக்குக் கேட்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன்.
இல்லை.

படம் ஒன்று பதினைந்து எம்பி என்றால் நூற்றிருபது படம்.
உருப்படிக்கு நாலு எடுப்பது என் வழக்கம்.
அப்போ முப்பது உருப்படி.
அவள் ஃபைல் அட்டையிலேயே எழுதினோம்.
வளையல் பன்னிரண்டு.
மோதிரம் எட்டு, அதில் ஒன்று மாமா போட்டது.
சங்கிலி நாலு. கம்மல் மூன்று ஜோடி.
ஆரம். அட்டிகை.
கூட்டினால் இருபத்தொன்பது.

மறுபடி கூட்டினாள். அதேதான்.
நெத்திச்சுட்டியா? அது கவரிங், எடுக்கவில்லை.
மின்விசிறி அவள் தாள்களைப் புரட்டியது,
பாட்டிலை மேலே வைத்தாள்.

"ஒட்டியாணம்" என்றாள் பிறகு, ரொம்ப மெதுவாக.
"டவுன்ல வாடகைக்கு எடுத்தது."

முப்பது.

திரையை அப்படியே பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.
"கோர்ட்ல செல்லுமா?"
தெரியாது. கணக்கு சரியா இருக்கு.
பத்து ரூபாய் கொடுத்தாள்.
வாங்கிக்கொண்டேன்.

அவள் படியிறங்கிய பிறகு
அந்த வரி மேல் அம்புக்குறியை வைத்தேன்.
கடைசியாக எண்ணியது
டிசம்பர் ஏழு, இரவு பதினொன்று நாற்பது.
அந்த நிமிஷம் வரை
எல்லாம் இருந்திருக்கிறது,
வாடகை ஒட்டியாணம் உட்பட.